நாலடித் தொட்டியின் கண்ணுக்குத் தெரியாத குடிகள்

ஒரு கிராம் மீன் உணவை எடுத்துக்கொள்வோம். கடையில் கிடைக்கும் குருணை உணவில் ஏறக்குறைய 40 சதவீதம் புரதம். மீன் அதைத் தின்று செரித்து, உடம்புக்கு எடுத்துக்கொண்டது போக மிச்ச நைட்ரஜனில் பெரும்பகுதியைச் செவுள் வழியாக அம்மோனியாவாகத் தண்ணீரில் விட்டுவிடும். ஒரு கிராம் உணவுக்கு இப்படிச் சேரும் அம்மோனியா நைட்ரஜன் சுமார் 35 மில்லிகிராம். 20 லிட்டர் பிடிக்கும் சின்னத் தொட்டியில் இது லிட்டருக்கு 1.75 மில்லிகிராம் ஆகிறது; மீன் மூச்சுத் திணறி மேலே வந்து வாயைப் பிளக்க அது போதும். 220 லிட்டர் நிற்கும் நாலடித் தொட்டியில் அதே கழிவு லிட்டருக்கு 0.16 மில்லிகிராம்தான்.

முதல் தடவை மீன் வளர்க்க வருபவரிடம், "சின்னதா ஒண்ணு வாங்கிப் பழகுங்க, அப்புறம் பெரிசு பண்ணிக்கலாம்" என்றுதான் பெரும்பாலும் சொல்வார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். சின்னத் தொட்டி கைதேர்ந்தவர்களுக்கானது. அதில் எல்லாமே வேகம். காலையில் ஒரு மீன் செத்துச் செடிக்குள் சிக்கிக்கொண்டால் மாலைக்குள் தண்ணீர் கெட்டுவிடும்; குழந்தை ஆசையாக ஒரு பிடி உணவை அள்ளிப் போட்டால் மறுநாள் மீன்கள் மிதக்கும். இதே தவறுகள் பெரிய தொட்டியிலும் நடக்கும். ஆனால் அவற்றின் விளைவு மெல்ல வரும்; கவனித்து, யோசித்து, நாலு வாளி தண்ணீரை மாற்ற அவகாசம் இருக்கும். புதியவருக்கு முதலில் வேண்டியது அந்த அவகாசம். உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஒற்றைத் தங்கமீனை விட்டுப் பிறந்தநாள் பரிசாகக் கொடுக்கும் வழக்கம் நின்றால் எனக்கு மிகவும் சந்தோஷமாக இருக்கும்.

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். தொடங்குவதற்கு இதைவிட நல்ல அளவு இல்லை என்பது என் எண்ணம். சென்னை கொளத்தூர் போன்ற இடங்களில் இந்த அளவில் கேட்டால் தயக்கமில்லாமல் செய்து தருவார்கள். விளிம்புவரை 255 லிட்டர். மணலும் கல்லும் மேலே விடும் இடைவெளியும் போக 220 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டாக வேண்டும். தண்ணீர் 220 கிலோ. பத்து மில்லிமீட்டர் கண்ணாடி 50 கிலோவுக்கு மேல். இரண்டங்குல மணல் 40, 45 கிலோ. கல், மரக்கட்டை, இரும்பு ஸ்டாண்டு எல்லாம் சேர்ந்தால் 350 கிலோவைத் தாண்டும். அத்தனையும் ஆறு சதுர அடி இடத்தில் இறங்குகிறது. வீட்டு அறைகளின் தளம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ புழக்கச் சுமையைத் தாங்குமாறு இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர விதி. தொட்டி நிற்கும் இடத்தில் மட்டும் பார்த்தால் சுமை அதைப்போல மூன்று மடங்கு. தளம் முழுவதும் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் என்பதால் ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் வீட்டில் இது பொதுவாகப் பிரச்சினை ஆவதில்லை. ஆனாலும் அறையின் நடுவில் வைக்காமல், சுவரை ஒட்டி, கீழே பீம் ஓடும் இடமாகப் பார்த்து வைப்பது நல்லது. மர உத்தரத்தின்மேல் செங்கல் அடுக்கிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டு மாடி என்றால், பொறியாளர் ஒருவர் வந்து பார்க்காமல் வைக்கவே கூடாது.

தண்ணீர் கீழே அழுத்துவது போலப் பக்கவாட்டிலும் தள்ளும். ஒன்றரை அடி உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் நாலடி முன்கண்ணாடியை வெளியே தள்ளும் மொத்த விசை சுமார் 120 கிலோ எடைக்குச் சமம். உயரத்தை இரண்டடி ஆக்கினால் அது 200 கிலோவைத் தாண்டிவிடும், ஏனென்றால் விசை உயரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அலங்காரத்துக்காக நெட்டையான தொட்டி கேட்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். நெட்டைத் தொட்டியில் கண்ணாடிக்கும் பாடு, காற்றைத் தொடும் மேற்பரப்பும் குறைவு, அடியில் கை எட்டிச் சுத்தம் செய்வதும் கஷ்டம். நீளமும் அகலமும் உள்ள தொட்டியில் மீன் நீந்தவும் இடம் இருக்கும்.

ஸ்டாண்டை வைத்ததும் ரசமட்டம் பார்க்க வேண்டும். மேலே தெர்மாகோல் ஷீட் போட்டு அதன்மேல் தொட்டியை இறக்கினால், இரும்புச் சட்டத்தில் இருக்கும் சின்ன மேடு பள்ளங்களைத் தெர்மாகோல் வாங்கிக்கொள்ளும். பிறகு நாலு விரல் உயரத்துக்குத் தண்ணீர் விட்டு, நாலு மூலையிலும் ஸ்கேலை நிறுத்தி அளந்து பாருங்கள். ஒரு மூலையில் அரை சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலும் தண்ணீரை எடுத்துவிட்டுக் காலைச் சரிசெய்வது நல்லது. நிரம்பிய தொட்டியில் அந்தக் கோணல் முழுதும் சிலிக்கான் பசை ஒட்டிய மூலைகளின் மேல் விழும். புதுத் தொட்டியில் வினிகர் மாதிரி வாடை அடித்தால் பசை இன்னும் இறுகி முடியவில்லை என்று பொருள். இறுகும்போது அசிட்டிக் அமிலம் வெளியேறுவதால் வரும் வாடை அது. வாடை போகட்டும், பிறகு நிரப்பலாம்.

எந்தத் தண்ணீர்? குழாயில் வரும் மெட்ரோ தண்ணீரில் கிருமி நீக்கக் குளோரின் இருக்கும். குடிநீருக்கான இந்தியத் தரம், பயன்படுத்துபவரிடம் வந்துசேரும்போதும் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. நமக்கு அதனால் ஒன்றும் இல்லை. மீனின் செவுளில் ரத்தத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே இருப்பதோ மெல்லிய சவ்வு. குளோரின் அதை அரித்துவிடும். தொட்டிக்குள் குடியேறிய பாக்டீரியாக்களையும் கொல்லும். வாய் அகன்ற டிரம்மில் ஓரிரு நாள் வைத்துக் காற்றடித்தால் குளோரின் வெளியேறிவிடும். அவசரமென்றால் கடையில் விற்கும் ஆன்டி குளோரின் சொட்டு போதும். அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட், முன்பு போட்டோ ஸ்டுடியோ இருட்டறைகளில் ஹைப்போ என்று புழங்கிய அதே உப்பு.

போர்வெல் தண்ணீரில் குளோரின் இல்லை. ஆனால் நிலத்தடியில் பாறையோடு உறவாடி வந்ததால் கால்சியம், மெக்னீசியம், பைகார்பனேட் மிகுந்திருக்கும். பல இடங்களில் அதன் பி.எச். அளவு 8-ஐ ஒட்டியோ தாண்டியோ நிற்கும். இதில் ஒரு ஆபத்து உண்டு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கிறது. அம்மோனியம் அயனியாக இருக்கும்போது அதன் கேடு குறைவு. அயனியாகாத அம்மோனியாவோ செவுள் சவ்வுக்குள் எளிதில் புகுந்துவிடும். 25 டிகிரி வெப்பத்தில், பி.எச். 7 என்றால் நூற்றில் அரைப் பங்குதான் அந்தக் கொடிய வடிவம். பி.எச். 8 என்றால் நூற்றில் ஐந்து பங்குக்கு மேல். தண்ணீர் சூடாகச் சூடாக இன்னும் கூடும். மெட்ரோ தண்ணீரில் தப்பிப் பிழைத்த மீன், அதே அளவு அழுக்குள்ள போர்வெல் தண்ணீரில் செத்துப்போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அதற்காக முழுக்க ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றுவதும் சரியில்லை. அதில் பைகார்பனேட் இருக்காது; பைகார்பனேட் இல்லாத தண்ணீரின் பி.எச். சட்டென்று சரிந்துவிடும்.

தொட்டி வந்தது, தண்ணீர் நிரம்பியது, விளக்கும் எரிகிறது. அன்று சாயங்காலமே இருபது மீன்களைப் பாலித்தீன் கவரில் வாங்கிவந்து விட்டுவிடுகிறோம். முதல் வாரம் அழகாக ஓடுகின்றன. இரண்டாம் வாரம் ஒன்றிரண்டு மூலையில் ஒதுங்குகின்றன. மூன்றாம் வாரம் தொட்டி காலி. "எங்க வீட்டுக்கு மீன் ராசி இல்லை" என்று தொட்டியைக் கழுவி மொட்டை மாடிக்கு ஏற்றிவிட்டவர்கள் எத்தனையோ பேர். ராசிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தத் தொட்டியில் குடியேறியிருக்க வேண்டிய முதல் உயிர்கள் இன்னும் வந்துசேரவில்லை.

அம்மோனியாவைத் தின்று வாழும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன என்று நிறுவியவர்களில் முதன்மையானவர் செர்கேய் வினோகிராட்ஸ்கி. ரஷ்ய அறிவியலாளரான அவர் 1890-ல் சூரிச் நகரில் அவற்றைப் பிரித்தெடுத்தார். ஆய்வுக்கூடங்களில் வழக்கமாகப் பயன்படுத்தும் ஜெலட்டின் தட்டில் அவை வளர மறுத்தன. சத்தான உணவு அவற்றுக்கு வேண்டாம் என்பதைப் புரிந்துகொண்டு, உயிர்ப்பொருள் எதுவும் இல்லாத சிலிக்கா ஜெல்லில் வளர்த்தார். அம்மோனியாவை ஆக்சிஜனோடு சேர்த்து நைட்ரைட் ஆக்கும்போது கிடைக்கும் சொற்ப ஆற்றலில் பிழைத்து, உடம்புக்கு வேண்டிய கார்பனைக் கரியமில வாயுவிலிருந்து தாமே எடுத்துக்கொள்ளும் உயிர்கள் அவை. அவை விட்ட நைட்ரைட்டை இன்னொரு கூட்டம் நைட்ரேட் ஆக்குகிறது. நைட்ரைட்டும் மீனுக்கு நஞ்சுதான்: ரத்தத்தில் புகுந்து ஹீமோகுளோபினை மாற்றி, ஆக்சிஜனைச் சுமக்க விடாமல் செய்துவிடும், ரத்தம் பழுப்பு நிறமாகும். நைட்ரேட்டின் கேடு அவற்றோடு ஒப்பிட மிகக் குறைவு. செடிகள் எடுத்துக்கொண்டது போக மிச்சத்தை வாராவாரம் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம்.

பழைய கையேடுகள் எல்லாவற்றிலும் இந்த இரண்டு கூட்டங்களுக்கும் நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்ற பெயர்களே இருக்கும். சாக்கடைக் கழிவுநீரிலும் மண்ணிலும் கண்டதை வைத்து மீன்தொட்டியிலும் அவையே இருக்கும் என்று நம்பியிருந்தார்கள். திமோத்தி ஹோவனெக் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய கூட்டாளிகளும் 1990-களில் மீன்தொட்டி ஃபில்டர்களில் இருந்த மரபணுக்களை நேரடியாகத் தேடிப் பார்த்தார்கள். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது நைட்ரோபாக்டர் இல்லை, நைட்ரோஸ்பைரா என்று 1998-ல் தெரியவந்தது. பிறகு, அம்மோனியாவைத் தின்னும் வேலையைப் பல நன்னீர்த் தொட்டிகளில் ஆர்க்கியா என்ற முற்றிலும் வேறு வகை நுண்ணுயிர்கள் செய்வதும் தெரிந்தது. எனக்கு மிகவும் வியப்பைத் தந்தது 2015-ல் வந்த செய்தி. அம்மோனியாவை நைட்ரேட் வரைக்கும் ஒரே உயிர் ஒற்றை ஆளாகக் கொண்டுபோக முடியும் என்று இரண்டு குழுக்கள் ஒரே சமயத்தில் அறிவித்தன. வியன்னா குழு அதை ஆழ்துளைக் குழாயில் வந்த வெந்நீரின் படிவில் கண்டெடுத்தது. நெதர்லாந்தின் நைமேகன் குழுவுக்கு அது கிடைத்த இடம் மீன் வளர்ப்புத் தொட்டியின் ஃபில்டர்! வினோகிராட்ஸ்கிக்குப் பிறகு நூற்றிருபத்தைந்து ஆண்டுகள் பாடப்புத்தகங்களில் இருந்த இரட்டைப் படி விதிக்கு விலக்கு, மீன் வளர்க்கிறவர்கள் குழாயடியில் அலசும் வழவழப்புக்குள்ளேயே இருந்திருக்கிறது.

இந்தக் குடிகளுக்கு ஒரே குறை, மந்தமான வளர்ச்சி. நல்ல சூழலில் ஈ.கோலி பாக்டீரியா இருபது நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள் என்று ஆகும். புதுத் தொட்டி தயாராக நாலு முதல் ஆறு வாரம் பிடிப்பது அதனால்தான். முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பம் அவற்றுக்குப் பிடிக்கும் என்பதால் நம் ஊர்த் தொட்டிகள் குளிர்நாட்டுத் தொட்டிகளைவிடச் சற்று முந்தும்.

அதுவரை அவற்றுக்கு உணவு வேண்டுமே, மீன் இல்லாமல் அம்மோனியாவுக்கு எங்கே போவது? நவச்சாரம் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் பழுக்கக் காய்ச்சிய பாத்திரத்தில் தூவித் தேய்ப்பாரே, அந்த அம்மோனியம் குளோரைடு உப்பு. தொட்டிக்கு ஆய்வுக்கூடத் தரத்தில் வாங்க வேண்டும். 220 லிட்டருக்கு ஒன்றரை கிராம் கரைத்தால் லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் அம்மோனியா சேரும். ஃபில்டரையும் ஏர் பம்பையும் இரவும் பகலும் ஓடவிட்டு, இரண்டு நாளுக்கு ஒரு தடவை சோதித்துப் பாருங்கள்: சோதனைக் குழாயில் ஐந்து மில்லி தொட்டித் தண்ணீர், சோதனைக் கிட்டின் புட்டியில் சொன்ன கணக்குக்குச் சொட்டு, ஐந்து நிமிடம் பொறுத்தல். பரவலாகக் கிடைக்கும் கிட்டில் மஞ்சள் என்றால் அம்மோனியா இல்லை, பச்சை ஏற ஏற அம்மோனியா அதிகம். முதல் பத்து நாள் பச்சை அசையாமல் நிற்கும். பிறகு ஒரு நாள் வெளிறும். அப்போதுதான் நைட்ரைட் குழாய் நீலத்திலிருந்து ஊதாவுக்கு மாறத் தொடங்கும். அது இறங்க அம்மோனியாவைவிட அதிக நாள் எடுக்கும். கடைசியில், ஒன்றரை கிராம் நவச்சாரத்தைப் போட்ட மறுநாளே இரண்டு குழாயும் சுத்தமாக இருந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடலாம்.

இந்தக் காத்திருப்பைக் குறைக்க நம்பகமான ஒரு வழி உண்டு. நோயில்லாமல் பல மாதம் ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய ஃபில்டர் ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துண்டு கேட்டு வாங்கி, நம் ஃபில்டரில் வைப்பது. பாலுக்கு உறை ஊற்றுவது மாதிரிதான்.

பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது சொற்பம். பெரும்பாலானவை ஸ்பாஞ்சிலும் செராமிக் ரிங்கிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. எனவே ஃபில்டரைக் குழாயடியில் தேய்த்துப் பளிச்சென்று கழுவுவது அத்தனை வாரப் பாட்டையும் குளோரினில் கரைப்பதாகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை வாளியில் விட்டு, அதில் ஸ்பாஞ்சை நாலு தடவை பிழிந்தால் போதும். மின்வெட்டும் இவற்றுக்கு எமன். மூடிய கேனிஸ்டர் ஃபில்டருக்குள் ஓட்டம் நின்றால் ஆக்சிஜன் சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில் பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்றும், அதோடு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் இருப்பது விலை உயர்ந்த எந்தக் கருவியைவிடவும் பயன் தரும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை நைட்ரேட் ஆக்கும்போது ஏழு மில்லிகிராமுக்கு மேல் கார உப்பு செலவாகிறது. மாதக்கணக்கில் தண்ணீர் மாற்றாமல், குறைந்ததை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் கண்ணுக்குப் பளிங்கு போலத் தெரியும் தொட்டியில் பைகார்பனேட் தீர்ந்து, பி.எச். சரிந்து, பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்திவிடும். வாரத்துக்குக் கால் பங்குத் தண்ணீர் மாற்றச் சொல்வதற்கு நைட்ரேட்டைப் போலவே இதுவும் காரணம்.

நம் ஊரில் ஹீட்டர் வாங்கச் செலவழிக்க வேண்டிய அவசியம் அநேகமாக இல்லை. கவலையெல்லாம் மே மாதம்தான். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3தான். அதே சூட்டில் மீனின் உடம்பு கூடுதல் ஆக்சிஜன் கேட்கும். மேல்மூடியைத் திறந்து, வலை போட்டு, சின்ன மின்விசிறியைத் தண்ணீர்ப் பரப்பின் மேல் வீசவிட்டால் போதும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அத்தனையும் தொட்டியிலிருந்தே போனால் 220 லிட்டரும் இரண்டரை டிகிரி குளிரும். அறைச் சூடு திரும்ப ஏறிக்கொண்டிருப்பதால் முழுப் பலன் கிட்டாது என்றாலும் வித்தியாசம் நன்றாகத் தெரியும். காற்றில் ஈரம் குறைந்த மதுரை, கோவை வீடுகளில் இது சென்னையைவிட நன்றாகவே வேலை செய்யும். ஆவியாவது தண்ணீர் மட்டும். உப்பு அப்படியே தங்கும். இப்படிக் குறைந்ததை ஈடுகட்ட ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் ஆர்.ஓ. தண்ணீர் பொருத்தமானது.

மீனைப் பற்றிக் கடைசியில் பேசுவது தெரிந்தேதான். தண்ணீருக்கு ஏற்ற மீன் வாங்குவது, மீனுக்கு ஏற்பத் தண்ணீரை மாற்றுவதைவிட எளிது. கடினமான போர்வெல் தண்ணீரா? மாலி, பிளாட்டி, ஸ்வார்ட்டெயில், கப்பி எல்லாம் அதில் செழிக்கும். மென்மையான தண்ணீர் என்றால் கவுராமி, ஏஞ்சல், டெட்ரா. மிஸ் கேரளா என்று கூப்பிடும் மீனுக்குப் பலர் ஆசைப்படுவார்கள். மெட்ராஸ் கவர்னர் வில்லியம் டெனிசன் பெயரால் பிரான்சிஸ் டே 1865-ல் பதிவுசெய்த மீன் அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் குளிர்ந்த, வேகமாக ஓடும் ஆறுகளில் கூட்டமாக வாழ்வது, காட்டில் அருகிவருவது. பண்ணையில் பிறந்த குஞ்சு என்று உறுதியாகத் தெரிந்தால், ஆறேழாக, நல்ல நீரோட்டம் கொடுத்து வளர்க்கலாம். சென்னை வெயிலில் அதைக் காப்பது சிரமம் என்பதால் முதல் ஆண்டில் வேண்டாம் என்பேன்.

எத்தனை மீன் என்றாலும் ஒரே நாளில் விடக் கூடாது. கிடைக்கும் உணவின் அளவுக்குத்தான் பாக்டீரியாக் கூட்டம் இருக்கும். ஐந்தாறு மீன், ஒரு வாரம் இடைவெளி, சோதனை, பிறகு அடுத்த ஐந்தாறு. இடையில் நைட்ரைட் தலைகாட்டினால் தீனியை நிறுத்தி, தண்ணீரை மாற்றி, பத்து லிட்டருக்கு ஒரு கிராம் கல் உப்பு கரைத்துவிடுங்கள். உப்பிலுள்ள குளோரைடு செவுள் வாசலில் நைட்ரைட்டோடு போட்டி போட்டு அதை உள்ளே விடாமல் தடுக்கும்.

டேங்க் கிளீனர் என்று விற்கும் மீனை மட்டும் யோசித்து வாங்குங்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று விரல் நீளத்தில் கொடுப்பார்கள். தென் அமெரிக்க ஆறுகளைச் சேர்ந்த அந்தக் கெளுத்தி ஒன்றரை அடி வரை வளரும். தொட்டியின் அளவுக்குத் தக்கபடிதான் மீன் வளரும் என்பது பொய். வளர்ந்து பெரிதானதும் இடம் போதாமல், பாவம் என்று பக்கத்து ஏரியில் விட்டுவிடுகிறார்கள். காற்றையும் விழுங்கிச் சுவாசிக்கக்கூடிய அது கெட்ட தண்ணீரிலும் பிழைத்து, கரையில் வளை தோண்டிப் பெருகுகிறது. இன்று தமிழகத்து ஏரி குளங்களில் மீனவர் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது. தொட்டி மீன் எதையும் வெளித் தண்ணீரில் விடக் கூடாது. எந்த மீனை வாங்குவதற்கு முன்பும் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எத்தனை அங்குலம் வளரும், வளர்ந்த பிறகு கொண்டுவந்தால் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா?